பால் தரும் தாயும் தலைச்சுற்றலும்

(ஊராட்சி மகளிர் குழுக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பிரசவம் நலமாய் முடிந்து தாயும் சேயும் வீடு வந்து சேர்ந்தவுடன் நம் கவலையெல்லாம் தீர்ந்ததாக எண்ணிவிடுகிறோம். அதன்பின் வீட்டார் கண்கள் யாவும் குழந்தையின் மீதே திரும்புகின்றன. குழந்தை பால் குடித்ததா, எடை ஏறியதா, தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்போர் பலர். தாய்க்குத் தலை சுற்றுகிறதா என்று கேட்போர் மிகச் சிலரே. அந்தக் கேள்வியைக் கேட்கவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

நடவுக் காலத்தை நினைத்துப் பாருங்கள். மூன்று மாதக் குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு ஒரு தாய் வயலில் இறங்குகிறாள். காலையில் ஒரு வாய்த் தேநீரோடு வந்தவள். ஒரு வரிசை முடியும்வரை குனிந்து நடுகிறாள்; முடிந்ததும் சட்டென நிமிர்கிறாள். கண் இருள்கிறது, காது அடைக்கிறது, வியர்வை கொட்டுகிறது. அருகிலிருப்போர் தாங்கிப் பிடிக்கின்றனர். "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்பர் சிலர். "கண் பட்டுவிட்டது" என்று சுற்றிப் போடுவர் வேறு சிலர். மறுநாளும் அவள் அதே வயலுக்குப் போகிறாள். விழும் இடம் சேறாக இருந்தவரை நல்லது. அது கிணற்றடியாகவோ அடுப்படியாகவோ இருந்து, இடுப்பில் குழந்தையும் இருந்தால் என்னாகும்?

வயல்வேலைக்கு மட்டும் உரியதன்று இத்துன்பம். நடைப்பயிற்சி, யோகாசனம் தொடங்கும் தாய்க்கும், விடுப்பு முடிந்து கவாத்துக்குத் திரும்பும் பெண் காவலருக்கும் இது நேரலாம். காரணங்கள் தெளிவானவை, பெரும்பாலும் தடுக்கக் கூடியவை.

இரத்தக் குறைவு

நாம் எழுந்து நிற்கும்போது இரத்தத்தில் ஒரு பகுதி கால்களை நோக்கி இறங்குகிறது. இதயமும் இரத்தக் குழாய்களும் உடனே விரைந்து செயற்பட்டு மூளைக்குச் செல்லும் இரத்தம் குறையாதபடி காக்கின்றன. அந்த ஏற்பாடு சிறிது தவறினாலும் தலை சுற்றும். மிகுதியாகத் தவறினால் மயக்கம் வரும்.

சாதாரணப் பிரசவத்திலேயே அரை லிட்டர் வரை இரத்தம் போகலாம். அறுவைச் சிகிச்சையில் ஒரு லிட்டர் வரையிலும் போகலாம். இதற்கென்றே கருவுற்ற காலத்தில் உடல் கூடுதல் இரத்தத்தைச் சேர்த்து வைக்கிறது. ஆனால் முன்னமே இரத்தச் சோகையுள்ள பெண்ணுக்கு அச்சேமிப்புப் போதாது. 2019–21 ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தச் சோகை உண்டென்று காட்டிற்று. இருவருள் ஒருவருக்கு மேல் என்று பொருள்.

இதற்கு மருந்து அரசு சுகாதார நிலையத்தில் விலையின்றியே கிடைக்கிறது. 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட சிவப்பு மாத்திரையைக் கருவுற்ற காலத்தில் உண்டதோடு நிறுத்தலாகாது. பிரசவத்திற்குப் பின்னரும் நாளொன்றுக்கு ஒன்றாக 180 நாள் உண்ண வேண்டும். பிள்ளை பிறந்ததும் மாத்திரைக்கு வேலையில்லை என்றெண்ணிப் பலர் பெட்டிக்குள் வைத்துவிடுகின்றனர். மலம் கறுத்தால் அஞ்ச வேண்டா. வயிற்றைப் புரட்டினால் இரவு உணவுக்குப் பின் உண்ணலாம். தேநீர், காப்பியோடு உண்டால் இரும்புச் சத்து உடலிற் சேராது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் வேறு வேளையில் உண்ணுங்கள். முருங்கைக் கீரை, கேழ்வரகு, பயறு, முட்டை, மீன், ஈரல் ஆகியவற்றுள் இயன்றதை உண்டு, உடன் நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக் கொள்ளுங்கள்.

நீரும் உணவும்

முழுமையாகப் பாலூட்டும் தாய் நாளொன்றுக்கு ஏறக்குறைய முக்கால் லிட்டர் பால் சுரக்கிறாள். ஆறு மாதத்தில் அது 135 லிட்டராகும். அதிற் பெரும்பகுதி நீரே. அந்த நீர் அவள் குடிப்பதிலிருந்தன்றி வேறெங்கிருந்து வரும்? ஆயினும் சில வீடுகளில், தண்ணீர் மிகுதியாகக் குடித்தால் வயிறு போடும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று சொல்லித் தாயின் நீரைக் குறைக்கின்றனர். பெரியவர்கள் அன்பினால் செய்யும் காரியமே எனினும் இதில் நன்மை இல்லை. பால் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு குவளை நீர், மோர், கஞ்சி என ஏதேனுமொன்றைத் தாய் குடிக்கட்டும். வெயிலில் உழைக்கும் நாளில் இன்னும் கூடுதலாகக் குடிக்கட்டும்.

உணவும் அவ்வாறே. முதல் ஆறு மாதம் பாலூட்டும் தாய்க்கு வழக்கத்தினும் 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வகுத்துள்ளது. ஏறத்தாழ ஒரு வேளைச் சாப்பாடு அது. வீட்டில் எல்லாரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் வழக்கம் அவளுக்கு ஆகாது.

தாய் சோர்கிறாள் என்பதற்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. வெயிலிலிருந்து வந்த தாயின் பாலைப் பீய்ச்சி விட வேண்டியதுமில்லை. அளவான உடலுழைப்பால் பால் கெடுவதில்லை.

பணிக்குத் திரும்பும் முறை

வெப்பத்தில் தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. நடக்கையில் காலின் தசைகள் இரத்தத்தை மேலே தள்ளுகின்றன; திடீரென நின்றால் அவ்வுதவி நின்று போகிறது. வெந்நீர்க் குளியலுக்குப் பின் பிள்ளை பெற்றவள் மயங்குவதும் வெப்பத்தின் காரணமாகவே. ஆதலால் அவள் உட்கார்ந்து குளிக்கட்டும். கதவைத் தாழிட வேண்டா. ஒருவர் அருகில் இருக்கட்டும்.

முதல் ஆறு வாரம் வீட்டளவில் நடமாட்டமும், இயன்றபோது பத்து நிமிட மெல்லிய நடையும் போதும். தண்ணீர்க் குடம், நெல் மூட்டை போன்ற பாரங்களைத் தூக்கலாகாது. அறுவைச் சிகிச்சை பெற்றவர் மருத்துவரைக் கேட்டே வேலை தொடங்க வேண்டும். அதன்பின் வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டலாம். வேலைக்கோ பயிற்சிக்கோ செல்லுமுன் குழந்தைக்குப் பாலூட்டி, தானும் உண்டு, நீர் அருந்திச் செல்க. குனிந்த வேலையிலிருந்து நிமிருமுன் கைகளை முழங்காலில் ஊன்றிச் சற்றுப் பொறுத்து எழுக. வேகமாக நடந்தவர் உடனே நில்லாது ஐந்து நிமிடம் மெல்ல நடந்து முடிக்க. கவாத்தில் அசையாது நிற்க நேர்ந்தால் கால் தசைகளை இறுக்கி இறுக்கித் தளர்த்துக.

மயக்கம் வந்தால்

தலை சுற்றியவுடன், நிற்கும் இடத்திலேயே தரையில் உட்காருங்கள், இயன்றால் படுத்துவிடுங்கள். கையில் குழந்தை இருந்தால் நாணம் பாராமல் உடனே உட்காருங்கள். விழுந்தவரைத் தூக்கி நிறுத்துவதும் உட்கார வைப்பதும் தவறு. நிழலில் மல்லாக்கப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். உணர்வு திரும்பாவிடில் ஒருபக்கமாகச் சாய்த்து விடுங்கள். நினைவு வருமுன் வாயில் நீர் ஊற்றலாகாது. இரும்புச் சாவியைக் கையில் திணிப்பதாலும் பயனில்லை. இரும்பு கொடுக்க விரும்பினால் மாத்திரையிலும் கீரையிலும் கொடுங்கள்!

ஒரு முறை மயங்கினாலும் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி இரத்த அளவும் இரத்த அழுத்தமும் பார்க்கச் செய்யுங்கள். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது சோகையே. மிகுந்த உதிரப்போக்கு, நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், கடுந்தலைவலியோடு பார்வை மங்கல், வலிப்பு, ஒரு காலில் மட்டும் வலியுடன் வீக்கம், கடுங்காய்ச்சல் இவற்றுள் ஒன்று காணினும், ஓரிரு நிமிடத்தில் நினைவு திரும்பாவிடினும், 108 வண்டியை அழைத்து மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அப்போது வீட்டு மருந்து பார்த்துக் காலம் போக்கலாகாது.

ஓய்வு தருவது யார்?

தமிழ்நாட்டில் அரசுப் பணியிலுள்ள பெண்களுக்கு இரு குழந்தைகள் வரை ஓராண்டு மகப்பேறு விடுப்பு 2021 முதல் உண்டு. கூலி வேலை செய்யும் தாய்க்கு விடுப்புச் சீட்டு எழுதுவோர் எவருமில்லை. ஏழைத் தாய்மாருக்கென டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி கிடைக்கிறது. அதில் 14,000 ரூபாய் ரொக்கம். எஞ்சியது ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். கூலி இழப்பை ஈடு செய்து தாய் ஓய்ந்திருக்கவும் நல்லுணவு உண்ணவும் தரப்படுவது அப்பணம். அது பழைய கடனுக்கோ பெயர்சூட்டு விருந்துக்கோ போய்விட்டால், அவள் இரண்டாம் மாதமே வயலில் இறங்க வேண்டியதாகிறது. பெட்டகத்திலுள்ள பேரீச்சையும், அங்கன்வாடி தரும் சத்துமாவும் வீட்டார் எல்லாருக்கும் பங்கிடப்பட்டால் தாய்க்கு மிஞ்சுவதென்ன?

மாமியார்மார்களே, நீங்களும் ஒரு காலத்தில் கண் இருண்டு சுவரைப் பிடித்து நின்றவர்களே. அன்று உங்களைக் கேட்பாரில்லை. இன்று உங்கள் மருமகளை நீங்கள் கேளுங்கள். கணவன்மார் குடத்தைத் தூக்கினால் ஆண்மைக்குக் குறைவொன்றுமில்லை. மகளிர் குழுவினர், தத்தம் தெருவில் பாலூட்டும் தாய் எவரெவர் என்றறிந்து, வாரம் ஒருமுறை அவள் வீட்டுப்படி ஏறி, "தலை சுற்றுகிறதா? மாத்திரை உண்டாயா? தண்ணீர் குடித்தாயா?" என்று மூன்றே கேள்வி கேட்டு வாருங்கள். அம்மூன்று கேள்விகளால் நம் ஊரில் ஒரு தாய் விழாமல் காக்கப்படுவாளாயின், இன்று இங்கே கூடியதற்கு அதுவே போதிய பயன்.