படைவீரரின் ஊன ஓய்வூதியம்



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மாதுங்காவில் நான் குடியிருக்கும் வீட்டிற்குத் தாராவியிலிருந்து ஒருவர் வந்தார். திருநெல்வேலிச் சீமைக்காரர். தரைப்படையில் 24 ஆண்டுகள் பணியாற்றி, ஹவில்தாராக 2014-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றவர். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதனுள் மடிப்புகளில் கிழியத் தொடங்கிய நான்கைந்து தாள்கள். ஓய்வு பெறும் வேளையில் மருத்துவக் குழு எழுதிக் கொடுத்த அறிக்கை அது.

“என் மகன் கைப்பேசியில் போட்டுப் பார்த்தான், சார். எனக்கு அரசியலமைப்புக் கோளாறு என்று வருகிறது” என்றார்.

மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கணமே வெட்கமும் வந்தது. ‘கான்ஸ்டிட்யூஷனல்’ என்ற சொல்லுக்கு அரசியலமைப்பைச் சார்ந்தது என்று ஒரு பொருள். மருத்துவர் எழுதினால், உடல்வாகோடு பிறந்தது என்று பொருள். இரத்த அழுத்தம் அவருடைய உடல்வாகில் வந்ததாம்; அமைதிப் பகுதியில் இருந்தபோதுதான் தலைகாட்டியதாம்; ஆகவே படைப்பணிக்கும் அதற்கும் தொடர்பில்லையாம். ஊனம் 30 விழுக்காடு என்று ஒப்புக்கொண்ட அதே தாளில், அதற்கான ஓய்வூதியப் பகுதி இல்லை என்பதற்கும் அடிக்கல் நாட்டியிருந்தார்கள். அந்த அமைதிப் பகுதிக்கு வருமுன் அவர் எத்தனை குளிர்காலங்களை மலை உச்சிகளில் கழித்தார் என்பது பற்றி அத்தாளில் ஒரு வரியும் இல்லை.

நம்மவர் பலர் அந்த வரியோடு நின்றுவிடுகிறார்கள். டாக்டர் எழுதிவிட்டார், இனி என்ன என்று தாளை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். ஆனால் அது முடிந்த முடிவன்று.

விதியில் இரண்டு சொற்கள் வருகின்றன. ஒன்று ‘அட்ரிபியூட்டபிள்’, அதாவது படைப்பணியே காரணமாக விளைந்த நோய். மற்றொன்று ‘அக்ரவேட்டட்’, அதாவது வேறெதனாலோ வந்திருப்பினும் படைப்பணியால் முற்றிய நோய். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் ‘அல்லது’ என்ற சிறு சொல்லைத்தான் நம்மவர் காணத் தவறுகிறார்கள். இரண்டில் ஒன்று இருந்தால் போதும். ஊனம் 20 விழுக்காட்டுக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும். நோய் குடும்பத்தில் இருந்ததே என்பது முதற் சொல்லுக்கு வேண்டுமானால் விடையாகலாம். இரண்டாவது சொல்லுக்கு ஒருபோதும் விடையாகாது.

இனி, மெய்ப்பிக்கும் சுமை யாருடையது? 1982-ஆம் ஆண்டு விதிகள் இதைத் தெளிவாகவே சொல்லின. படையில் சேரும்போது ஒருவருடைய ஏட்டில் எந்த நோயும் குறிக்கப்படவில்லையானால், அவர் நல்ல உடல்நிலையோடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பின்னர் நோயின் காரணமாக அவர் வெளியேற நேர்ந்தால், அந்நலிவு பணியால் வந்தது என்று கொள்ள வேண்டும். உரிமை கோருபவரை ‘நீயே மெய்ப்பி’ என்று கேட்கலாகாது; ஐயம் எழுந்தால் அதன் பயன் அவருக்கே. பணியின் அழுத்தத்தாலும் சிரமத்தாலும் பாதிக்கப்படக்கூடிய நோய்களின் பட்டியல் ஒன்றும் அவ்விதிகளோடு இணைக்கப்பட்டிருந்தது. இரத்த அழுத்தம் அதில் உண்டு.

ஏட்டில் இருந்த இவ்விதிக்கு உயிரூட்டியது தரம்வீர் சிங் என்ற சிப்பாயின் வழக்கு. 1985-இல் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்தவர். வலிப்பு நோய் கண்டு 1994-இல் அனுப்பப்பட்டவர். பணிக்குத் தொடர்பில்லை என்று மருத்துவக் குழு எழுதியது. ஏன் என்று எழுதவில்லை. சேரும்போது கண்டறிய இயலாத நோய் என்றால், அதற்கான காரணத்தைக் குழு எழுதியிருக்க வேண்டும் என்று கூறி, 2013 ஜூலையில் உச்சநீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வெளியேறி 19 ஆண்டுகள் கழிந்த பின்!

தொகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நூறு விழுக்காட்டு ஊனத்திற்கு, கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு ஊனப் பகுதியாகக் கிடைக்கும். குறைந்த ஊனத்திற்கு அதே விகிதத்தில் குறையும். 50-க்குக் குறைந்த ஊனத்தை 50 என்றே கணக்கிடும் முறை முதலில் நோயால் இடையில் அனுப்பப்பட்டவர்களுக்கே இருந்தது. பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் அது உண்டு என்று ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பரில் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. கடைசி ஊதியம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 30 விழுக்காட்டு ஊனத்திற்கு மாதம் 2,700 ரூபாய். 50 என்று கொண்டால் 4,500 ரூபாய். தாராவியில் குடும்பம் நடத்துபவருக்கு இந்த வேறுபாடு என்ன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கேட்டவர்க்கெல்லாம் கிடைத்துவிடும் என்று சொல்லமாட்டேன். நரசிங் யாதவ் என்பவரின் மனநோய் வழக்கில், மருத்துவக் குழுவின் கருத்தை ஏற்று 2019-இல் உச்சநீதிமன்றம் அவர் கோரிக்கையை மறுத்தது. சேரும்போது செய்யும் சோதனையில் புலப்படாத நோய்களும் உண்டு என்பது அத்தீர்ப்பின் கருத்து. மேலும், 2023 செப்டம்பர் 21-க்குப் பின் பணியை விட்டவர்களுக்குப் புதிய விதிகள் வந்துவிட்டன. அவர்கள் நான் கூறிய 1982 விதிகளை நம்பி மனு எழுதுதல் கூடாது.

வந்தவரிடம், “அண்ணாச்சி, மறுப்புக் கடிதம் வந்ததா? அதில் மேல்முறையீடு பற்றி எழுதியிருந்ததா?” என்று கேட்டேன். வந்ததாம், ஆறு மாதத்திற்குள் முறையிடலாம் என்றும் இருந்ததாம். ஆனால் கடிதம் போய்ச் சேர்ந்தது ஊர் முகவரிக்கு. தாயார் அதைச் சாமி படத்திற்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார். அடுத்த கொடைக்கு ஊருக்குப் போனபோதுதான் இவர் கண்ணில் பட்டது. அப்போது கெடு கடந்து நாளாகியிருந்தது. வெளி மாநிலத்தில் பிழைக்கும் நமக்கே உரிய தொல்லை இது. படையின் ஆவணக் காப்பகத்திற்கும் ஓய்வூதியக் கணக்கான ஸ்பர்ஷிலும் இப்போதைய முகவரியைத் தந்துவிடுங்கள். செம்பூரில் இருந்துகொண்டு செங்கோட்டை முகவரியை வைத்திருக்க வேண்டாம்.

கெடு கடந்ததால் கதவு அடைபட்டுவிடவில்லை. ஓய்வூதிய மறுப்பு மாதந்தோறும் தொடரும் தவறு என்று தர்சேம் சிங் வழக்கில் 2008-இல் உச்சநீதிமன்றம் கூறியது. 1983-இல் வெளியேறிய அவர் நீதிமன்றத்தை அணுகியது 1999-இல். ஓய்வூதியம் கிடைத்தது, ஆனால் நிலுவை வழக்குத் தொடுப்பதற்கு முந்தைய மூன்றாண்டுகளுக்கு மட்டுமே. தாமதத்திற்கு விலை உண்டு என்பதை மறக்கலாகாது. மேல்முறையீட்டிலும் மறுத்தால், 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை நாடலாம். அதற்கு மும்பையிலேயே ஓர் அமர்வு உண்டு. ஓய்வு பெற்றவர் தாம் வாழும் இடத்து அமர்வில் வழக்கிடலாம். சென்னைக்கு ரயிலேற வேண்டியதில்லை.

அன்று மாலை வரை உட்கார்ந்து மனுவை எழுதினோம். நோய் எந்த ஆண்டு, எந்த இடத்தில் தெரிந்தது, அதற்கு முன் எங்கெங்கே பணி என்று அவர் மனப்பாடமாகவே சொன்னார். உயரங்களை அடிக்கணக்கில் சொன்னார். தாமதத்திற்குக் காரணம் என்ற பத்தியில் என்ன எழுதலாம் என்று கேட்டேன். சற்று யோசித்து, “அம்மாவுக்கு எழுதப்படிக்கத் தெரியாது என்று போடுங்கள், சார்” என்றார். அப்படியே எழுதினேன். மனு பதிவுத் தபாலில் போயிருக்கிறது. ஒப்புகை அட்டை வந்துவிட்டது, இம்முறை தாராவி முகவரிக்கு.