தண்ணீரும் தழைச்சத்தும்

(காய்கறி பயிரிடுவோர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



உரத்தை விலை கொடுத்து வாங்குகிறோம். ஆகையால் அளந்து இடுகிறோம். கிணற்று நீருக்கு விலை கொடுப்பதில்லை, ஆகையால் அளப்பதில்லை. இட்ட உரம் பயிருக்குச் சேராமற் போவதற்கு இஃது ஒரு முக்கிய காரணமாகும்.

45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் ஏறக்குறைய 21 கிலோ தழைச்சத்து உள்ளது. மண்ணில் இட்ட யூரியா முதலில் அம்மோனியமாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாறுகிறது. அம்மோனியத்தைக் களிமண் பற்றி வைத்துக்கொள்ளும். நைட்ரேட்டோ நீரில் கரைந்து, நீர் செல்லுமிடமெல்லாம் செல்லும்.

சின்ன வெங்காயத்தின் வேர்கள் பெரும்பாலும் மேல் ஓரடி மண்ணிலேயே நின்றுவிடுகின்றன. மணற்பாங்கான செம்மண்ணில் அவ்வோரடி மண் பயிருக்கென்று தாங்கக்கூடிய நீர் சுமார் ஒன்று முதல் ஒன்றரை அங்குலமே. கூட்டுக் கிணற்றில் நமது முறை வரும் நாளன்று, அடுத்த முறை வரை தாங்கட்டும் என்று மூன்று அங்குலம் பாய்ச்சினால், மிகுதி நீர் நைட்ரேட்டையும் கொண்டு வேருக்குக் கீழே இறங்கிவிடும். இலை வெளுக்கும், மறுபடியும் உரம் வாங்குவோம். நீர் தேங்கும் கரிசலிலோ, காற்றோட்டமின்றி நைட்ரேட் வாயுவாக மாறி வெளியேறும்.

கீழே இறங்கிய சத்து நிலத்தடி நீரில் கலக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருத்தலாகாது என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மிகுந்த நீரில் புட்டிப்பால் கலந்து கொடுத்தால், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு உடல் நீலம் பாரிக்கும் நோய் வரக்கூடும். நீரைக் காய்ச்சினாலும் நைட்ரேட் நீங்காது. எனவே இது வயலோடு முடியும் செய்தியன்று.

நாம் செய்யத்தக்கவை சில உள்ளன. மேலுரத்தை ஒரே தடவையில் இடாமல், பயிரின் வளர்ச்சிக்கேற்பப் பிரித்து இட வேண்டும். யூரியாவை மேலே தூவி அப்படியே விட்டாலும் சத்து ஆவியாகிப் போகும். ஆதலால் மண்ணால் மூடி, இலேசாக நீர் விட வேண்டும். அதன்பின் வரும் பாய்ச்சலும் அளவாக இருத்தல் வேண்டும். பாய்ச்சுமுன் ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்துக் கையில் பிடித்துப் பாருங்கள்; உருண்டை சேர்ந்து உடையாமல் நின்றால், அன்று நீர் தேவையில்லை. சொட்டுநீர்க் குழாய் அமைத்தோர் யூரியாவை நீரில் கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுக்கலாம். இவ்வமைப்புக்கு அரசு மானியமும் உண்டு.

ஆனால் ஒருவர் மட்டும் அளவாகப் பாய்ச்ச இயலாது. முறை நாள் நீண்டால், எவரும் மிகுதியாகவே பாய்ச்சுவர். கூட்டுக் கிணற்றுப் பங்குதாரர்களை அழைத்து, நேரத்தைக் குறைத்து முறையை அடிக்கடி வரச் செய்வது ஊராட்சி உறுப்பினர்கள் முன்னின்று முடிக்கத்தக்க பணியாகும். ஊர்க் குடிநீர்க் கிணற்றின் நீரையும் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் சோதித்து, அதன் விவரத்தை அடுத்த கிராம சபையில் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.