மின்சார விரைவுக் காரும் படுவான்கரை வீதியும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, கதிரவன் மறையும் பக்கமாகக் கிடக்கும் நிலத்தைப் படுவான்கரை என்று வழங்குவது அந்நாட்டார் மரபு. அக்கரையில், போரதீவுப்பற்றிலுள்ள ஓர் ஊர் வெல்லாவெளி. வயலும் குளமும் வேளாண்மையை அழிக்கும் யானையுமே அங்கே நாளாந்தப் பேச்சு. அவ்வூரார் முன்னிலையில், மூன்று விநாடியளவில் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை எட்டும் காரைப் பற்றிப் பேசுவது பொருந்தாதென்று சிலர் கருதக்கூடும். 2022ஆம் ஆண்டை நினைவிற் கொண்டவர் அவ்வாறு கருதார்.

அவ்வாண்டில் அந்நியச் செலாவணி வற்றியமையால் இலங்கைக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டது. ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கன்றிப் பிறவற்றுக்கு எரிபொருள் இல்லையென அறிவிக்கப்பட்டது. ஜூலையில் பங்கீட்டு முறை வந்தபோது முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என வரையறுத்தனர். வெல்லாவெளியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து களுவாஞ்சிகுடி வைத்தியசாலைக்கு ஒரு நோயாளியைக் கொண்டுசெல்ல வேண்டியவருக்கு அந்த ஐந்து லீற்றர் எத்துணை அருமையானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பெற்றோல் இன்றி ஓடும் வண்டி செல்வர்க்குரிய விளையாட்டுப் பொருளன்று என்பது அன்றுதான் பலருக்கு விளங்கிற்று.

இலங்கையிலேயே அத்தகைய வண்டியொன்றைச் செய்யும் முயற்சி அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. கணினி மென்பொருள் தொழிலில் ஈடுபட்டிருந்த கலாநிதி ஹர்ஷ சுபசிங்கவின் தலைமையில், வேகா இன்னோவேஷன்ஸ் என்னும் நிறுவனம் 2013இல் மின்சார விரைவுக் காரொன்றை வகுக்கத் தலைப்பட்டது. அதற்கு இட்ட பெயர் வேகா ஈ.வி.எக்ஸ். கார்த் தொழிற்சாலை மரபே இல்லாத நாட்டில், முதற் படைப்பாகவே உலகின் விரைவுக் கார்களோடு போட்டியிடும் வண்டியை எண்ணியது துணிவுதான். சற்று மிகையான துணிவென்றும் கூறலாம். 2020ஆம் ஆண்டு ஜெனீவா மோட்டார்க் கண்காட்சியில் அதனை உலகுக்குக் காட்டத் திட்டமிட்டிருந்தனர். கொள்ளைநோயின் காரணமாக அக்கண்காட்சியே பெப்ரவரி இறுதியில் கைவிடப்பட்டது.

இரண்டு மின்மோட்டார்கள், 800க்கு மேற்பட்ட குதிரைவலு, காபன் நாராலான உடல்: இவை நிறுவனத்தார் அறிவித்த கூறுகள். சாதாரண முச்சக்கர வண்டியின் வலு பத்துக் குதிரைவலுவை ஒட்டியது. எண்பது முச்சக்கர வண்டிகளின் வலுவை ஒரே வண்டியில் அடக்குவதென்றால் அது எவ்வாறு இயலும்?

பெற்றோல் எஞ்சினில் எரிபொருள் வெடித்து உந்துதண்டைத் தள்ள, அவ்வசைவு பற்சக்கரங்கள் வழியே சில்லைச் சேரும். எஞ்சின் போதிய சுழற்சி பெறும்வரை அதற்கு முழு இழுவை வாராது. மின்மோட்டாரோ முதற் சுழற்சியிலேயே தன் முழு முறுக்குவிசையையும் தரவல்லது. சேற்றில் இறங்கிய எருமை அடியெடுத்து வைத்த கணத்திலேயே முழு வலிவையும் காட்டுவது போன்றது இது. ஆகவேதான் நின்ற நிலையிலிருந்து பாய்வதில் மின்சாரக் கார் முந்துகிறது. பெற்றோலின் ஆற்றலில் முக்காற்பங்கை ஒட்டிய அளவு வெப்பமாக வீணாக, மோட்டாருக்குச் செல்லும் மின்னில் பத்தில் ஒன்பது பங்களவு இயக்கமாக மாறுகிறது. வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே மின்பிறப்பாக்கியாக மாறி, இழக்கவிருந்த ஆற்றலில் ஒரு பகுதியை மின்கலத்துக்கு மீட்டுத் தரும்.

இது புதுமையன்று என்பதையும் நேயர்கள் அறிதல் நன்று. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை முதன்முதல் கடந்த காரே மின்சாரக் கார்தான். 1899 ஏப்ரலில், பெல்ஜியத்தவரான கமில் ஜெனாற்சி, பாரிஸ் நகருக்கு அண்மையிலுள்ள அஷேரில், தோணி வடிவான வண்டியில் அதனைச் சாதித்தார். பின்னர் ஒரு நூற்றாண்டு அது பின்தங்கியதற்கு மோட்டார் காரணமன்று, மின்கலமே காரணம். ஒரு கிலோகிராம் பெற்றோலில் ஏறத்தாழ 12 அலகு ஆற்றல் உண்டு. இக்காலத்துச் சிறந்த இலிதியம் மின்கலத்தின் ஒரு கிலோகிராமிலோ கால் அலகுதான். பழைய ஈய மின்கலத்தில் அதனினும் மிகக் குறைவு. 1991இல் இலிதியம் அயன் மின்கலம் சந்தைக்கு வந்த பின்னரே நிலை மாறிற்று. அதற்கு அடிகோலிய மூவர் 2019இல் நோபல் பரிசு பெற்றனர்.

பாரமான மின்கலப் பொதியைத் தாழ வைத்தால் வண்டி வளைவிற் கவிழாது. பாரத்தை ஈடுசெய்ய உடலைக் காபன் நாரினால் இலேசாக்குவர். ஆனால் தாழ்வே படுவான்கரையில் குறையாகும். கார்த்திகை, மார்கழி மாரியில் தாழ்ந்த வீதிகளின்மேல் வெள்ளம் பாயும்போது, நிலத்திலிருந்து ஒரு சாண் உயரமே உள்ள விரைவுக் கார் முதல் மதகையே தாண்டாது.

இதே நிறுவனத்தார் கூரையிற் சூரியத் தகடு பொருத்திய மின்சார முச்சக்கர வண்டியொன்றையும் பின்னர் வகுத்துக் காட்டினர். வெல்லாவெளிக்கு வேண்டியது விரைவுக் காரைவிட அதுவே. அதற்கும் கணக்குண்டு. கூரைத் தகடு 300 வாற்று தருமாயின், நல்ல வெயிலில் ஐந்து மணி நேரத்தில் ஒன்றரை அலகு சேரும். நூறு கிலோமீற்றருக்கு ஆறு அலகு செலவாகுமெனக் கொண்டால் இது 25 கிலோமீற்றருக்குப் போதும். களுவாஞ்சிகுடிச் சந்தைக்கு ஒருமுறை போய்வரலாம். மட்டக்களப்பு நகருக்குப் போய்த் திரும்ப எஞ்சியதை வீட்டு மின்சாரத்திலிருந்தே பெறல் வேண்டும். அம்மின்சாரத்திலும் ஒரு பகுதி நுரைச்சோலையில் இறக்குமதி நிலக்கரியை எரித்துப் பெறுவதே. ஆகவே அந்நியச் செலாவணித் தொல்லை முற்றாக நீங்கிவிடாது. 2025 பெப்ரவரி 9ஆம் நாள் நாடு முழுவதும் மின் தடைப்பட்டபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததே காரணமென அமைச்சர் கூறியதையும் மறத்தற்கில்லை.

பழுதுபார்ப்போர் நிலை வேறொரு கேள்வி. இவ்வூர்களின் கராச்சுக்காரர் எஞ்சினைக் கழற்றிப் பூட்டுவதில் தேர்ந்தவர். சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்லிவிடுவர். மின்சார வண்டியில் அந்தச் சத்தமில்லை. விரைவுக் காரின் மின்கலப் பொதியில் நூற்றுக்கணக்கான வோல்ற்று அழுத்தம் நிற்கும்; வெறுங்கையால் தொடுவது உயிருக்கே இடர். முச்சக்கர வண்டியின் அழுத்தம் அத்துணைப் பெரிதன்று. எனினும் எக்கம்பியை முதலிற் கழற்றுவது, ஈரம் புகுந்த பொதியை எவ்வாறு சோதிப்பது என்பவற்றை ஒருவர் கற்பிக்க வேண்டும். மட்டக்களப்புத் தொழில்நுட்பக் கல்லூரி போன்ற இடங்களில் இப்பயிற்சி பெற்ற இளைஞர் இருவராவது படுவான்கரைக்குத் திரும்பி வந்து கராச்சு வைத்தாலன்றி, அங்கே எவரும் தம் பெற்றோல் வண்டியை விற்றுவிட்டு மின்சார வண்டி வாங்கத் துணியார்.