பூர்வீகப் பத்திரங்களைத் தேடும்போது

சித்தூர், திருப்பதியைப் பூர்வீகமாகக் கொண்ட நம்மவர்கள் இன்று பல ஊர்களில் இருக்கிறோம். பெரியவர்கள் காலமான பிறகுதான் வீட்டுப் பத்திரத்தைத் தேடுகிறோம்.

தேடுமுன் வருஷத்தைப் பாருங்கள். 1911 வரை சித்தூர், வட ஆற்காடு ஜில்லாவில் இருந்தது. அதன்பின் 1960 வரை திருத்தணி, சித்தூர் ஜில்லாவில் இருந்தது. திருப்பதி 2022-ல்தான் தனி மாவட்டமாயிற்று. எனவே மாவட்டப் பெயர் மட்டும் போதாது. கிராமம், தாலுகா, வருஷம் மூன்றும் வேண்டும்.

நகரத்தில் பிறந்தவர்களின் பிறப்புச் சான்றுக்கு மாநகராட்சி. வில்லங்கச் சான்றுக்கு சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ். நிலத்தின் அடங்கலுக்கு தாசில்தார் ஆபீஸ். பல சான்றுகளுக்கு மீ-சேவா மையத்திலேயே மனுக் கொடுக்கலாம்.

ஆனால் சர்வே நம்பரும் பாட்டனார் பெயரும் எந்த ஆபீஸிலும் நமக்காக யாரும் நினைவு வைத்திருக்க மாட்டார்கள். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.