மாணவரும் பொறியியற் போட்டிகளும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று காலை முதல் இம்மண்டபத்தில் குறள் ஒப்புவித்தலும், பேச்சுப் போட்டியும், கோலப் போட்டியும் செவ்வனே நடைபெற்றன. கண்டும் கேட்டும் மகிழ்ந்தேன். பிறந்த மண்ணை விட்டு வந்து திருவனந்தபுரத்தில் குடியமர்ந்த நம் குடும்பங்கள், தம் மக்கள் தாய்மொழியை மறவாதிருக்கச் செய்யும் முயற்சி இது. ஆயினும் பரிசுப் பட்டியலைப் பார்த்தபோது ஒரு குறை என் கண்ணிற் பட்டது. நம் பிள்ளைகள் நாளை எந்தத் துறைக்குச் செல்ல வேண்டுமென்று பெற்றோருள் பெரும்பாலோர் விரும்புகின்றனரோ, அந்தப் பொறியியற் கல்விக்கு இப்பட்டியலில் இடமே இல்லை. கையால் ஒரு பொருளை ஆக்கிக் காட்டுவதற்கு ஒரு போட்டியும் இல்லை. அதனைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

தமிழ்ச் சங்கத்துக்கும் பொறியியலுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். அவர்கட்கு ஒரு செய்தியை நினைவூட்டுவேன். 1950-களின் நடுவில், சென்னை குரோம்பேட்டையிலுள்ள தொழில்நுட்பக் கல்லூரியில் (எம்.ஐ.டி. என்று நாம் அழைப்பது) விமானப் பொறியியல் பயின்ற இராமேசுவரத்து மாணவர் ஒருவர், அக்கல்லூரித் தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியிற் கலந்துகொண்டார். நம் விமானத்தை நாமே செய்துகொள்ள வேண்டும் என்பது அவர் எடுத்துக்கொண்ட பொருள். தமிழில் எழுதினார், முதற் பரிசு பெற்றார். பரிசை வழங்கியவர் ஆனந்த விகடன் ஆசிரியராயிருந்த தேவன் அவர்கள். அம்மாணவர்தாம் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம். தம் வாழ்க்கை வரலாற்றில் இந்நிகழ்ச்சியை அவர் மறவாமற் குறித்திருக்கிறார்.

1963 நவம்பர் 21-ஆம் நாள், நம் ஊரை அடுத்த தும்பாக் கடற்கரையிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் விண்ணிற் பாய்ந்தபோது அங்கே பணியிலிருந்த இளைஞர்களுள் அவரும் ஒருவர். பல ஆண்டுகள் இந்நகரிலேயே வாழ்ந்து, 1980 ஜூலையில் வெற்றி பெற்ற எஸ்.எல்.வி.-3 ஏவுகலத்தின் திட்ட இயக்குநராய் விளங்கினார். ஒரு கட்டுரைப் பரிசுதான் அவரை ஆக்கியது என்று சொல்ல நான் துணியேன். அப்படிச் சொல்வது மேடைக்கு அழகே தவிர, உண்மைக்கு அழகன்று. ஆனால் விமானத்தைப் பற்றித் தாய்மொழியில் எண்ணிப் பார்க்குமாறு ஒரு மாணவனை ஒரு தமிழ்ச் சங்கம் அழைத்தது. அந்த அழைப்பு வீண்போகவில்லை. அவ்வளவு சொன்னாற் போதும்.

இனி, பொருளை ஆக்கிக் காட்டும் போட்டிகளுக்கு வருவோம். 1939-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில், ஷெல் எண்ணெய்க் கம்பெனியின் ஆய்வுக் கூடத்து ஊழியர் சிலர் தமக்குள் பந்தயம் கட்டிக்கொண்டனர். ஒரே அளவு பெட்ரோலில் யார் கார் அதிகத் தொலைவு செல்லும் என்பது பந்தயம். வென்றவர் கணக்கு ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 21 கிலோமீட்டர். விளையாட்டாய்த் தொடங்கிய அப்பந்தயமே 1985-இல் பிரான்சில் மாணவர் போட்டியாய் வளர்ந்தது. ஷெல் இகோ மாரத்தான் என்று பெயர். விரைந்து செல்பவர்க்கு அங்கே பரிசில்லை. சிக்கனமாய்ச் செல்பவர்க்கே பரிசு. ஒரு லிட்டருக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கணக்கைக் காட்டிய மாணவர் வண்டிகளும் அங்கே உண்டு. அந்த 1939-ஆம் ஆண்டிலேதான் இந்நகரிலும் திருவிதாங்கூரின் பொறியியற் கல்லூரி பிறந்தது என்பது தற்செயலான ஒற்றுமை; அதற்கு மேல் அதிற் பொருள் தேட வேண்டியதில்லை.

அந்தப் போட்டிக்கு, 2022-ஆம் ஆண்டு, நம் நகரத்துப் பார்ட்டன் ஹில் அரசினர் பொறியியற் கல்லூரியின் பிரவேகா என்னும் மாணவர் குழு தாமே வடிவமைத்த மின்வண்டியுடன் சென்றது. இடம், இந்தோனேசியாவின் மண்டலிகா பந்தயக் களம். தொழில்நுட்பப் புதுமைக்கான விருதுடன் அவர்கள் திரும்பினார்கள். அவ்வண்டிக்கு அவர்கள் இட்ட பெயர் என்ன தெரியுமா? 'வண்டி' என்பதே பெயர்! தமிழர்க்கும் மலையாளிகட்கும் பொதுவான அச்சிறு சொல், கடல் கடந்து போய் அயல்நாட்டார் நாவிலும் ஏறியது. இதனைப் படித்த அன்று நான் கொண்ட களிப்பு, விருதுச் செய்தியாற் பாதி, பெயராற் பாதி.

இத்தகைய போட்டிகளில் ஓட்டத்துக்கு முன்னரே பெரிய சோதனை ஒன்று உண்டு. அதனை நீங்கள் அறிய வேண்டும். வண்டியை ஒரு சரிவில் நிறுத்தி, தடை பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். இருக்கையிற் கட்டுண்டிருக்கும் ஓட்டுநர் 10 விநாடிக்குள் வெளியே வந்தாக வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் வண்டி களத்தில் இறங்க இயலாது. மாதக் கணக்கில் உறக்கம் விழித்துக் கட்டிய வண்டி, ஒரு சக்கரமும் உருளாமல் பெட்டிக்குள் திரும்புவதும் உண்டு. தேர்வு மண்டபத்தில் தவறிய விடைக்கு ஒரு மதிப்பெண் குறையும், அவ்வளவே. தடை பிடிக்காத வண்டிக்கோ பாதி மதிப்பெண் என்பது கிடையாது. உலோகம் தாட்சணியம் பார்ப்பதில்லை. இந்தப் பாடத்தைக் கரும்பலகையால் கற்பிக்க முடியாது என்பது, பொறியியல் மாணவரோடு பல்லாண்டு பழகியவன் என்ற முறையில் என் முடிபு.

மற்றொன்றும் கேளுங்கள். 1981-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக் கழகத்தில் தொடங்கிய மாணவர் பந்தயக் கார்ப் போட்டி, பார்முலா ஸ்டூடன்ட் என்ற பெயரில் இன்று பல நாடுகளில் நடைபெறுகிறது. நம் நாட்டில் அதன் வழிவந்த போட்டி கோயமுத்தூர்க் காரி களத்தில் நடந்து வருகிறது. அம்முறையின்படி மொத்தப் புள்ளிகள் 1000. அவற்றுள் 325, கார் ஓடுவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகின்றன. ஏன் இப்படி வடிவமைத்தாய் என்ற கேள்விக்கு விடை 150; செலவுக் கணக்கு 100; இதனை விற்பது எப்படி என்று எடுத்துரைப்பது 75. ஆக, மூன்றில் ஒரு பங்கு பேச்சிலும் கணக்கிலும் அடங்கியிருக்கிறது! நம் சங்கம் ஆண்டுதோறும் பேச்சுப் பயிற்சி அளிக்கிறதே, அதன் பயனை இங்கே காணலாம். தான் செய்ததைத் தெளிவாய்ச் சொல்லத் தெரியாதவன் பொறியியலிலும் முழுமை பெறுவதில்லை.

இவ்வளவும் சரி, பிள்ளையின் மதிப்பெண் என்னவாகும் என்று தாய்மார்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நேர்மையாகவே விடை சொல்வேன். போட்டிக் காலத்தில் மதிப்பெண் சிறிது குறைதலும் உண்டு, மறைப்பதற்கில்லை. இரவு பத்து மணிக்குப் பட்டறையிலிருந்து கைகளில் கறுப்பு மசகுடன் வரும் மகனைப் பார்த்து, இதற்கா கடன் வாங்கிப் படிக்க வைத்தோம் என்று தந்தை மனம் நோவதும் இயல்பே. வேற்றூரில் வாழும் நமக்கு நிலமில்லை, தொழிற்கூடமில்லை, பிள்ளையின் பட்டம் ஒன்றே முதல். அம்முதலைக் கொண்டு விளையாட எவர்க்குத்தான் மனம் வரும்? ஆகவே பெற்றோரின் அச்சத்தை நான் ஏளனம் செய்யேன். முதலாண்டுப் பாடங்களில் தவறியிருப்பவன் அவற்றை முடித்த பின்னரே குழுவிற் சேரட்டும் என்றுகூடச் சொல்வேன்.

ஆனால் பெண் மக்களை மட்டும் தடுப்பதை நான் ஒப்புக்கொள்ள இயலாது. 2024 ஜனவரி 1-ஆம் நாள் பி.எஸ்.எல்.வி.-சி58 ஏவுகலத்துடன் விண்ணுக்குச் சென்ற கருவிகளுள் வீசாட் என்பதும் ஒன்று. கதிரவனிடமிருந்து வரும் புற ஊதாக் கதிர்களை அளப்பதற்கானது. அதனை ஆக்கியவர்கள் பூஜப்புரையிலுள்ள எல்.பி.எஸ். மகளிர் பொறியியற் கல்லூரி மாணவியர். கரமனையிலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவு! அவர்கள் ஆய்வுக் கூடத்தில் மாலை நேரம் தங்காமலா அக்கருவி விண்ணேறியது?

போட்டி என்று பெயர் பெற்றவை எல்லாம் நல்லவை என்று நான் கூறவில்லை. கலாம் பெயர் தாங்கிய தொழில்நுட்பப் பல்கலைக் கழகம் இந்நகரில் இருக்கிறது. அதன் 2015-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில், பட்டம் பெற 100 செயற்பாட்டுப் புள்ளிகள் வேண்டுமென்று விதித்தார்கள். விதித்தவர் நோக்கம் உயர்ந்ததே. எனினும் சான்றிதழ் சேர்ப்பதற்கென்றே ஓடும் ஒரு கூட்டமும் இத்தகைய விதிகளின் நிழலில் வளர்கிறது. முப்பத்தாறு மணி நேரம் இடையறாது கணினி முன் அமர்ந்து, முடிந்ததும் மறந்துவிடும் போட்டிகளும் பெருகிவிட்டன. போட்டியின் தரம் பரிசுத் தொகையில் இல்லை. அது விடுக்கும் வினாவில் இருக்கிறது என்பது என் கருத்து.

வினா எங்கிருந்து வர வேண்டும்? தொலைவிற் போக வேண்டாம். 2024 ஜூலையில், தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் தோட்டிற் குப்பை அகற்ற இறங்கிய தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். மூன்றாம் நாள் அவர் உடலே கிடைத்தது. நாமெல்லாம் ஊருக்கு ரயிலேறும் நிலையம் அது. நம் வீட்டுக் குப்பையும் அந்நீரில் இல்லை என்று யார் சொல்ல வல்லார்?

அன்று தேடுதலுக்கு இறக்கப்பட்ட இயந்திரங்களுள், இந்நகரத்து ஜென்ரோபாட்டிக்ஸ் என்னும் நிறுவனத்தினுடையவையும் இருந்தன. அந்நிறுவனம் குற்றிப்புறம் எம்.இ.எஸ். பொறியியற் கல்லூரியில் உடன் பயின்ற நண்பர் நால்வர் தொடங்கியது. மாணவப் பருவத்தில் அவர்கள் செய்ய முனைந்தது வேறு. மனிதன் உடலில் அணிந்துகொண்டு வலிமை பெறும் இயந்திரச் சட்டகம் ஒன்று. 2015-இல் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக் குழியில் இறங்கிய தொழிலாளர் இருவரும், அவர்களைக் காக்க முயன்ற ஆட்டோ ஓட்டுநர் ஒருவரும் நச்சுக் காற்றால் மாண்டனர். அச்செய்தி அவர்கள் சிந்தையை மாற்றியது. குழிக்குள் மனிதனுக்குப் பதிலாக இறங்கும் இயந்திரத்தைச் செய்தார்கள். 2018-இல் திருவனந்தபுரத்திலேயே அது முதலிற் பணிக்கு வந்தது; பின்னர்க் கும்பகோணத்துக்கும் போயிற்று. அதற்கு அவர்கள் இட்ட பெயர் பாண்டிகூட். நம் பெருச்சாளிதான்! தெலுங்கின் பந்திகொக்கு ஆங்கிலத்துக்குப் போய்ப் பாண்டிகூட் ஆகி மீண்டு வந்திருக்கிறது.

இயந்திரம் வந்த பிறகும் ஆமையிழஞ்சானில் மனிதன் இறங்க நேர்ந்ததே என்று கேட்பீர்கள். உண்மை. ஆள் இறங்கும் குழி வேறு, ஓடும் நீரும் பாறைபோற் கெட்டிப்பட்ட குப்பையும் நிறைந்த இருட்சுரங்கம் வேறு. அந்த வினா இன்னும் விடை முற்றாத வினா. நம் பிள்ளைகள் அறிய வேண்டியதும் அதுவே. எல்லாவற்றையும் மேலைநாட்டார் கண்டுபிடித்து முடித்துவிட்டனர் என்று எண்ணும் சிறுவனுக்கு, தம்பானூர்ப் பாலத்தின் மேல் நின்று கீழே காட்டுங்கள்.

ஆட்சிக் குழுவினரே! அடுத்த ஆண்டு விழாவில் ஆக்கப் போட்டி ஒன்றையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். விதிகள் சில என் மனத்தில் உள்ளன. குழுவுக்கு மூவர், அவருள் ஒருவரேனும் பெண்ணாயிருத்தல் வேண்டும். செலவு 500 ரூபாய்க்கு மேற்படலாகாது. கணக்கைத் தாளில் எழுதிப் பொருளின் மேலேயே ஒட்டிவிட வேண்டும். மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண், செய்ததைத் தமிழில் விளக்குவதற்கு. விளக்கும்போது போல்ட்டும் நட்டும் தமிழா என்று நடுவர்கள் வழக்காட வேண்டாம். பட்டறையில் வழங்கும் சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்ளட்டும். இயங்காது போன பொருளையும் மேசை மேல் வைக்க இடம் தர வேண்டும். ஏன் இயங்கவில்லை என்று சொல்பவனுக்கும் மதிப்பெண் உண்டு.

முதலாண்டு வினாவாக இரண்டைச் சொல்வேன், ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். மழைக்காலத்தில் நம் குடியிருப்பின் ஓடை வாயை அடைக்கும் பிளாஸ்டிக் குப்பையை, எவரும் நீரில் இறங்காமல் எடுப்பது எப்படி? இரண்டாம் மாடியில் தனித்திருக்கும் முதியவர் வீட்டுக்கு ஓர் அரிசி மூட்டையை, இருவர் சுமக்காமல் ஏற்றுவது எப்படி? ஓண விடுமுறைக்கு முன்னரே அறிவித்துவிட்டால், பத்து நாளும் பிள்ளைகட்கு வேலை இருக்கும். கப்பியும் கயிறும் கம்பியும் சாலைக் கடைத்தெருவிலே கிடைக்கும்.

என்னிடம் பழைய கருவிப் பெட்டி ஒன்று உள்ளது. அறுவாள், திருப்புளி, ஸ்பானர், கைத்துளைப்பான் எல்லாம் அதில் இருக்கின்றன. அடுத்த ஞாயிறன்று அதனை இம்மண்டபத்துக்குக் கொண்டுவந்து வைத்து, சாவியைச் செயலாளர் அவர்களிடம் ஒப்படைத்துவிடுகிறேன்.