பார்த்து ஆடுவதும் பழகி ஆடுவதும்

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக் கொண்டது என்று ஒரு பழமொழி நம்மிடையே வழங்குகிறது. பெரியோரைப் பார்த்துச் சிறியோர் செய்யும் முயற்சிகளை எள்ளி நகையாடுவதற்கே இதனைப் பெரும்பாலும் எடுத்தாளுகிறோம். ஆயினும், மாணவ நண்பர்களே, பார்த்துச் செய்வதே குற்றமென்றால் உலகில் எந்தக் கலையும் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் சென்றிராது. குழந்தை பேசக் கற்பதும், சீடன் பாடக் கற்பதும் பார்த்தும் கேட்டுந்தானே! ஆகவே, பார்த்துச் செய்யலாமா என்பதன்று கேள்வி. எதனைப் பார்த்துச் செய்வது என்பதே கேள்வி. பூனை புலியைப் பார்த்ததில் பிழையில்லை. அதன் கோடுகளை மட்டும் பார்த்ததுதான் பிழை. இதனை டென்னிஸ் ஆட்டத்தின் வாயிலாக இன்று ஆராய விரும்புகிறேன்.

மாலை வேளைகளில் நம் நகரத்து ஆடுகளங்களில் நான் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. கல்லூரி இளைஞர் ஒருவர் ரஃபேல் நடாலைப் போல மட்டையைக் கீழிருந்து மேல்நோக்கி வீசி, தலைக்கு மேலே சுழற்றி முடிக்கிறார். வீச்சு அழகாகத்தான் இருக்கிறது. பந்து மட்டும் வலையில் விழுகிறது. அல்லது பின்வேலியில் மோதுகிறது. இளைஞர் தளர்வதில்லை. அடுத்த பந்தை முன்னிலும் வேகமாக வீசுகிறார்!

2005 முதல் 2022 வரை பிரெஞ்சுப் பட்டத்தைப் பதினான்கு முறை வென்று, 2024-இல் ஓய்வு பெற்றவர் நடால். அவர் மட்டையை அவ்வாறு வீசியது அழகுக்காக அன்று. மட்டை பந்தின் பின்புறத்தைக் கீழிருந்து மேலாக உரசும்போது பந்து முன்னோக்கிச் சுழல்கிறது. சுழலும் பந்தைக் காற்று கீழ்நோக்கித் தள்ளுகிறது. அதனால் வலைக்கு மேலே உயரமாகச் சென்ற பந்தும் எல்லைக் கோட்டுக்குள் இறங்கிவிடுகிறது. கால்கள் தரையை உதைத்து, இடுப்புத் திரும்பி, தோள் தொடர்ந்து, கடைசியில்தான் கை வருகிறது. தலைக்கு மேலே மட்டை சுழல்வது இவையனைத்தும் நிகழ்ந்ததன் விளைவு. விளைவைப் பிடித்துக்கொண்டு காரணத்தை விட்டுவிட்டால் பயன் யாது?

மட்டையின் நரம்புகளுக்கும் இது பொருந்தும். 1997-இல் பிரேசில் நாட்டுக் குஸ்தாவோ குவெர்ட்டன் பாலியெஸ்டர் நரம்பு கட்டிய மட்டையுடன் பிரெஞ்சுப் பட்டத்தை வென்றார். அதன்பின் அந்நரம்பு உலகெங்கும் பரவிற்று. வேகமாக வீசுவோர்க்கு அது நல்ல சுழற்சியைத் தரும். ஆனால் அது விறைப்பானது. பந்து மோதும் அதிர்ச்சியைக் கைக்கே அனுப்பும். பெரிய ஆட்டக்காரரின் நரம்பையே கட்டி, அவர் வீச்சையே தோளின் வலுவால் மட்டும் வீசி, முழங்கை வலியால் ஓராண்டுக் காலம் மட்டையைத் தொடாதிருந்த ஒரு மாணவரை நான் அறிவேன். நகையாடி விட்டுவிடக்கூடிய செய்தியா இது?

இனி, ஸர்வீஸைப் பாருங்கள். நீங்கள் வகுப்பில் கற்ற வடிவொத்த முக்கோணங்கள் இங்கே உதவும். பின்கோட்டிலிருந்து வலை 39 அடி. வலையிலிருந்து ஸர்வீஸ் கோடு 21 அடி. வலையின் நடு உயரம் 3 அடி. பந்து நேர்கோட்டில் வலையைக் கடந்து அக்கோட்டினுள் விழ வேண்டுமானால், எட்டரை அடிக்கும் மேலான உயரத்திலிருந்து அதனை அடிக்க வேண்டும். புவியீர்ப்பு பந்தை வளைத்து நமக்குத் துணை செய்கிறது, உண்மையே. ஆனால் வேகம் கூடக்கூட அத்துணை குறைந்து, பந்தின் பாதை நேர்கோட்டை நெருங்குகிறது. 2010-இல் விம்பிள்டனில் பதினொரு மணி ஐந்து நிமிடம் நீடித்த ஆட்டத்தில், எதிரியால் தொட முடியாத ஸர்வீஸ்களை 113 முறை அடித்த ஜான் இஸ்னரின் உயரம் 6 அடி 10 அங்குலம்! ஐந்தரை அடி உயரமுள்ளவர் அவரைப் போலச் சுழலின்றி அடிக்க முயன்றால், வடிவ கணிதமே அவருக்கு எதிரியாகிவிடும்.

சைமன் ராமோ என்ற அமெரிக்கப் பொறியியலாளர் இவ்வாட்டத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வல்லுநர் ஆட்டத்தில் புள்ளிகள் வெல்லப்படுகின்றன. மற்றையோர் ஆட்டத்தில் புள்ளிகள் இழக்கப்படுகின்றன என்பது அவர் கண்ட உண்மை. இதனை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நண்பர் இருவர் ஆடும்போது ஒரு தாளில் இரண்டு பத்திகள் வரையுங்கள். நல்ல அடியால் வென்ற புள்ளி ஒன்றில். எதிரியின் தவற்றால் கிடைத்த புள்ளி மற்றொன்றில். எந்தப் பத்தி நீள்கிறதென்று பாருங்கள். பந்தை ஒருமுறை கூடுதலாகத் திருப்பி அனுப்புபவரே பெரும்பாலும் வெல்வதைக் காண்பீர்கள்.

அவரவர் உடலுக்கேற்ற ஆட்டத்தை ஆடினால் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதற்கு நம்மவர் ஒருவரே சான்று. ராமநாதன் கிருஷ்ணனின் ஸர்வீஸ் வேகத்துக்குப் பெயர் பெற்றதன்று. தந்தையாரிடம் பயின்ற அவர், பந்தை மென்மையாகத் தொட்டு, எதிரி எதிர்பாராத இடத்தில் வைக்கும் திறனையே வளர்த்துக்கொண்டார். 1954-இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் அவருக்குக் கிடைத்தது. 1960, 1961 ஆகிய ஈராண்டிலும் அங்கே அரையிறுதி வரை சென்றார். 1961-இல் அவரிடம் நேர் செட்டுகளில் தோற்றவர் ஆஸ்திரேலியாவின் ராய் எமர்சன். விம்பிள்டனில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் சேர்க்கப்பட்டது 1968-இலிருந்துதான். ஆகவே கிருஷ்ணன் அன்று அங்கே ஆடியது அமெச்சூராகவே! அமெச்சூர் என்பது இழிசொல் அன்று என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

அப்படியாயின் பெரிய ஆட்டக்காரர்களிடம் நாம் கற்பதற்கு ஒன்றுமில்லையா? நிறைய உண்டு. 1997 முதல் 2017 வரை சென்னை நுங்கம்பாக்கத்தில் ஆண்டுதோறும் சர்வதேசப் போட்டி நடைபெற்றது. அங்கே வந்தவர்களின் பயிற்சியை நான் பார்த்து நின்றதுண்டு. எதிரி பந்தை அடிக்கும் கணத்தில் ஒரு சிறு துள்ளல். பந்து வலையைத் தாண்டுமுன்பே திரும்பிவிட்ட தோள். அடிக்குமுன் எடுத்து வைக்கும் சிற்றடிகள். மட்டையும் பந்தும் கூடும் இடத்தில் நிலைத்த கண். இவற்றிற்கு ஆறரை அடி உயரமோ விலையுயர்ந்த நரம்போ வேண்டியதில்லை. கைதட்டலும் இவற்றிற்குக் கிடைப்பதில்லை. அதனாலேயே பலர் கண்ணில் இவை படுவதில்லை.

அடுத்த முறை ஒரு பேராட்டக்காரரைக் காணும்போது, பந்தை அவர் அடித்த பின்பு செய்வதை விட்டு, அடிப்பதற்கு முன்பு செய்வதைக் கவனியுங்கள். அதனைப் பார்த்து ஆடுங்கள். நாள்தோறும் பழகி ஆடுங்கள். உங்கள் உடலுக்கு உரிய அடி எதுவோ, அது அப்பழக்கத்தில் தானே உருவாகும்.