சேவ் பட்டன் எங்கே போச்சு?

இன்னைக்கு டெஸ்க்டாப் லேஅவுட் பத்திப் பேசலாம். வெப்சைட்டுன்னா 'ரெஸ்பான்சிவ்' வேணும்னு எல்லாரும் கேட்கிறோம். கடையில ஓடுற பில்லிங் சாஃப்ட்வேருக்கு அதை யாரும் கேட்கறதில்லை.

பனமலையில என் மாமா உரக்கடை வச்சிருக்கார். ஊர் பேரைச் சொன்னா ராஜசிம்ம பல்லவன் கட்டின கோயிலும் அந்தப் பார்வதி ஓவியமும் உங்களுக்கு ஞாபகம் வரலாம். நாம கடைக்குள்ள போவோம். அவர் லேப்டாப் ஸ்கிரீன் 1366-க்கு 768 பிக்சல். எழுத்து சரியாத் தெரியலைன்னு விண்டோஸ்ல ஸ்கேலிங்கை 125 சதவீதமா வச்சிருக்கார். கணக்குப் போடுங்க: அப்ளிகேஷனுக்குக் கிடைக்கிறது சுமார் 1093-க்கு 614தான். டாஸ்க்பாருக்கும் அதுலயே பங்கு. ஆனா பில் விண்டோவோட உயரத்தை 700ன்னு கோட்ல அடிச்சு வச்சுட்டாங்க. சேவ் பட்டன் ஸ்கிரீனுக்குக் கீழ போயிடுச்சு.

மாமா என்ன பண்றார் தெரியுமா? கடைசிக் கட்டத்துல நின்னு டேப் ஏழு தடவை, அப்புறம் என்டர். ஆறோட நிறுத்திட்டா கேன்சல், மொத்த பில்லும் போச்சு. "எனக்குத்தான்டா கம்ப்யூட்டர் வரல"ன்னு சொல்றார். எனக்குக் கோபம் வர்றது அங்கதான்.

இதுக்குத் தீர்வு ரொம்பப் பழசு. பட்டன் எந்த பிக்சல்ல இருக்கணும்னு சொல்லாதீங்க, எதோட ஒட்டி இருக்கணும்னு சொல்லுங்க. விண்டோஸ் ஃபார்ம்ஸ்ல பட்டன் வரிசையை 'டாக் பாட்டம்', நடுவுல இருக்கிற பொருள் பட்டியலை 'டாக் ஃபில்'. க்யூடில பட்டியலுக்கு மட்டும் ஸ்ட்ரெட்ச் 1. டிகின்டர்ல அந்த வரிசைக்கு வெயிட் 1, கூடவே ஸ்டிக்கி. ஸ்டிக்கியை விட்டுட்டா இடம் விரியும், பட்டியல் விரியாது. விண்டோ சுருங்கினா பட்டியல் சுருங்கி ஸ்க்ரோல் வரும். பட்டன் நகராது. யாரை முதல்ல சுருக்கணும்னு முடிவு பண்றதுதான் லேஅவுட், மத்ததெல்லாம் டைப்பிங்.

இன்னொண்ணு, நம்ம மொழி. 'கேன்சல்' ஆங்கிலத்துல ஆறு எழுத்து, அதுக்கு அளவெடுத்த பட்டன்ல 'ரத்து செய்' திணறும். 'கீ', 'பூ' மாதிரி எழுத்துக்கு மேலயும் கீழயும் இடம் வேணும், உயரத்தை இறுக்கிப் பிடிச்சா கொம்பு வெட்டுப்படும். க்யூடி மாதிரி டூல்கிட் எழுத்தை அளந்துதான் பட்டனுக்கு அகலம் கேட்கும். நீங்க ஃபிக்ஸட் சைஸ் கொடுத்தா அந்த வேலையைப் பிடுங்கிக்கிறீங்க. மினிமம் சைஸ் 1024-க்கு 700ன்னு வைக்கிறதும் அதே வியாதிதான்.

ரிலீசுக்கு முன்னாடி பத்து நிமிஷம் ஒதுக்குங்க. ஸ்கேலிங்கை 125, அப்புறம் 150 வச்சுப் பாருங்க. விண்டோஸ் கீயோட இடது அம்பை அழுத்தி விண்டோவைப் பாதி ஸ்கிரீன்ல ஒட்டுங்க. 1366 ஸ்கிரீன்ல அது 683தான், 125 சதவீதத்துல 546. லேபிளையெல்லாம் தமிழுக்கு மாத்துங்க. அப்புறம் மவுஸைத் தள்ளி வச்சிடாம, மவுஸாலயே ஒரு பில் போட்டு சேவ் பண்ணுங்க.